உப்புக்காற்றுக்குத் தாங்கும் சின்ன சோலார் இன்வெர்ட்டர்: செய்முறை

பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு வலைக்கொட்டகையில் இரண்டு எல்இடி பல்பும் போன் சார்ஜரும் ஓட 40 வாட் தாராளம். பேட்டரியின் 12 வோல்ட்டை அதற்கான 230 வோல்ட்டாக மாற்றும் சர்க்யூட் இது. வெளியே வருவது சதுர அலை; ஃபேன், மோட்டார் மாட்டாதீர்கள். 230 வோல்ட் ஆளைக் கொல்லும். வீட்டு வயரிங்கோடு இதைச் சேர்க்கவே கூடாது.

வாங்க வேண்டியவை: சிடி4047 ஐசி (அலையை உண்டாக்குவது), ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் 2 (கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; கேட், டிரெயின், சோர்ஸ் என மூன்று கால்), 12-0-12 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்கள் 22 கிலோ ஓம் 1, 220 ஓம் 2, 10 கிலோ ஓம் 2, 50 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), 7.5 ஆம்பியர் பியூஸ்.

முதலில் ஐசி. பின் 1, 3 நடுவே கெப்பாசிட்டர். பின் 2, 3 நடுவே 22 கிலோ ஓமும் பிரீசெட்டும் தொடராக. 4, 5, 6, 14 பிளஸ்ஸுக்கு. 7, 8, 9, 12 மைனஸுக்கு. ஒரு அலையின் நேரம் 4.4 × ஆர் (ரெசிஸ்டர்) × சி (கெப்பாசிட்டர்). 50 ஹெர்ட்ஸுக்கு 20 மில்லிசெகண்ட் வேண்டும், அதாவது மொத்தம் சுமார் 45 கிலோ ஓம்.

பின் 10, 11 இரண்டிலிருந்தும் 220 ஓம் வழியாக ஆளுக்கொரு மாஸ்ஃபெட் கேட். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம். சோர்ஸ் இரண்டும் மைனஸில். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெயின்தான். ஒரே ஹீட் சிங்க்கில் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் முடுக்கினால் இரண்டு டிரெயினும் ஒட்டிக்கொள்ளும்.

டிரான்ஸ்ஃபார்மரை இப்போதே மாட்டாதீர்கள். அவசரப்பட்டால் மாஸ்ஃபெட் போவது இங்கேதான். ஐசிக்கு 12 வோல்ட் கொடுத்து, பின் 10, 11 இரண்டையும் டிசியில் அளந்து பாருங்கள். இரண்டிலும் 6 வோல்ட் அளவில் காட்டினால் அலை ஓடுகிறது. ஒன்றில் 12, மற்றதில் 0 என்றால் ஓடவில்லை. அந்த நிலையில் மாட்டினால் ஒரு மாஸ்ஃபெட் திறந்தே கிடக்கும், சுற்றில் கரண்ட் கட்டுக்கடங்காமல் பாயும். சரியாக இருந்தால் பிரீசெட்டைத் திருகி 50 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

பிறகு டிரெயின்களை டிரான்ஸ்ஃபார்மரின் இரு 12 முனைகளிலும், நடு 0-வை பியூஸ் வழியாக பிளஸ்ஸிலும் கொடுங்கள். முதல் தடவை பியூஸுக்குப் பதில் 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்பு. லோடு இல்லாமல் மங்கலாக எரிந்தால் நல்லது. பளிச்சென்று எரிந்தால் உடனே கழற்றிவிட்டுத் தவறைத் தேடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் 230 பக்கத்தை அளக்கும்போது, விலை குறைந்த மீட்டர் சதுர அலையை 11 சதவீதம் கூட்டிச் சொல்லும். உண்மையில் 230 இருந்தால் 255 என்று காட்டும்.

பேனலை நேராக இதில் கொடுக்கக் கூடாது. 12 வோல்ட் பேனல் லோடு இல்லாதபோது 21 வோல்ட்டைத் தாண்டும். ஐசிக்கு 18 வரைதான். பேனல், சார்ஜ் கண்ட்ரோலர், பேட்டரி, பியூஸ், இன்வெர்ட்டர் என்பதே வரிசை.

கடைசியாக, கடலோரத்தில் விடவே கூடாத வேலை. போர்டில் படியும் உப்பு ஈரத்தை இழுக்கும். வாடைக்காற்று மாதங்களில் பின் 1, 2, 3 நடுவே கசிவு வந்து ஹெர்ட்ஸ் நகரும். சால்டர் வைத்தபின் போர்டில் மிஞ்சும் ஃபிளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிரீசெட் மேல் டேப் ஒட்டி, அக்ரிலிக் கோட்டிங் இரண்டு தடவை அடியுங்கள். பெட்டியில் காற்றோட்டத் துளை வேண்டாம், ஹீட் சிங்க் வெளியே இருக்கட்டும். வயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக் போட்டு, பேட்டரி முனையில் வாசலின் தடவினால் பச்சைக் களிம்பு பிடிக்காது.