வீட்டு விருந்துக்கு ஒரே வாயில் போடும் ஐந்து பலகாரங்கள்: 12 பேருக்கான செய்முறை

அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று டிசம்பர் கடைசி வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டால், கையில் எடுத்து ஒரே வாயில் போடும் பலகாரங்கள்தான் வசதி. எல்லோருக்கும் உட்கார இடம் தேட வேண்டாம், தட்டு கழுவுகிற வேலையும் பாதியாகும். முதன்முறை செய்பவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: எல்லாவற்றையும் சுடச்சுடக் கொடுக்க ஆசைப்பட்டு, வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, தாங்கள் மட்டும் அடுப்படியிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் விருந்தினர் வந்த பிறகு அடுப்பில் ஒரே ஒரு பலகாரம்தான் வேக வேண்டும். கீழே உள்ள பட்டியல் அதை வைத்துத்தான் போடப்பட்டது.

எத்தனை செய்வது?

இரவுச் சாப்பாடு தனியாக இல்லை என்றால் பெரியவருக்கு 10, குழந்தைக்கு 6 என்று கணக்கு வையுங்கள். 8 பெரியவர்கள், 4 குழந்தைகள் என்றால் 104. சாப்பாடும் உண்டு என்றால் இதில் பாதி போதும். கீழே உள்ள அளவுகளில் சுமார் 115 வரும். அதற்காகப் பத்து வகை செய்ய வேண்டாம். ஐந்து வகையே நிறைவாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றிலும் மிச்சம் விழும்.

1. மினி கட்லட் (26 வரும்)

ஐந்திலும் அதிகம் சொதப்புவது இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

தேவையானவை: உருளைக்கிழங்கு 500 கிராம், பச்சைப் பட்டாணி 100 கிராம், துருவிய கேரட் 1, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், கரம் மசாலா அரை டீஸ்பூன், மிளகுத் தூள் அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி. மேல்பூச்சுக்கு மைதா 3 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன், ரஸ்க் தூள் ஒன்றரை கப்.

கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவையுங்கள். நறுக்கி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். அந்த ஈரம்தான் பின்னால் எண்ணெயில் கட்லட்டை வெடிக்க வைக்கிறது. வெந்ததும் தோலுரித்து, சூடாக இருக்கும்போதே மசித்துத் தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆவி போக விடுங்கள். மிக்சியில் அடிக்கக் கூடாது, பசை மாதிரி ஆகிவிடும்.

இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, கேரட், பட்டாணி என்று வரிசையாகப் போட்டு, சட்டியின் அடியில் ஈரம் தெரியாமல் போகும் வரை வதக்குங்கள். ஓட்டல் கட்லட்டின் சிவப்பு நிறம் வேண்டும் என்றால் கேரட்டுக்குப் பதில் பீட்ரூட் போடலாம். அது அதிகம் தண்ணீர் விடும், இன்னும் 5 நிமிடம் கூடுதலாக வதக்க வேண்டும். தூள்களும் உப்பும் சேர்த்து, ஆறிய பிறகு கிழங்கில் கொத்தமல்லித் தழையோடு பிசையுங்கள். உருட்டும்போது கையில் ஒட்டினால் 2 டேபிள்ஸ்பூன் ரஸ்க் தூளைக் கலவையிலேயே சேருங்கள்.

25 கிராம் உருண்டை, அதாவது பெரிய நெல்லிக்காய் அளவு, எடுத்து லேசாகத் தட்டுங்கள். ஓரத்தில் விரிசல் இருந்தால் விரலால் தடவி மூடிவிடுங்கள், எண்ணெய் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் ஒரு சிட்டிகை உப்போடு, சுமார் 7 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ரவா தோசை மாவு போல நீர்க்கக் கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் பூச்சு தடித்து, பொரிந்த பிறகு ஓடு போலப் பெயர்ந்து வரும். கட்லட்டை இதில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, அழுத்திவிட்டு, குறைந்தது 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முந்தின நாளே இதுவரை முடித்து மூடி வைத்துவிடலாம்.

பொரிக்கும் முன் 10 நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். எண்ணெயில் ஒரு சிட்டிகை ரஸ்க் தூள் போட்டால் உடனே நுரைத்து மேலே வர வேண்டும். அடியில் தங்கினால் சூடு போதாது, போட்டதும் கருகினால் அதிகம். ஒரு தடவைக்கு 5 அல்லது 6 மட்டும். வாணலி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, கட்லட் எண்ணெய் குடித்துப் பிரிந்துவிடும். போட்டு ஒரு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். மொத்தம் 3 நிமிடம் போதும், உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான்.

எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கம்பித் தட்டிலோ சல்லடையிலோ பரப்புங்கள். ஹாட்பாக்ஸில் மூடி வைப்பது பெரிய தவறு: தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். பரிமாறும் முன் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

2, 3. ஒரே மாவில் இரண்டு: பொடி இட்லிக் குச்சியும் குழிப்பணியாரமும்

ஒரு கிலோ இட்லி மாவு இரண்டுக்கும் சேர்த்துப் போதும். கடை மாவு என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு பயன்படுத்துங்கள். வீட்டில் அரைப்பதானால் டிசம்பர் குளிரில் புளிக்க 12 மணி நேரமும் ஆகலாம், முந்தின நாள் மாலையே அரைத்துவிடுங்கள்.

முதலில் இட்லி. 14 குழியுள்ள மினி இட்லித் தட்டு மூன்றில் 42 வரும். 7 நிமிடம் ஆவியில் வைத்து இறக்கி, 3 நிமிடம் கழித்துத் தண்ணீரில் நனைத்த ஸ்பூனால் எடுங்கள். முழுதாக ஆறிய பிறகுதான் பொடி போட வேண்டும். சூட்டில் போட்டால் இட்லி உடையும், பொடியும் ஈரமேறிக் கட்டி தட்டும். இட்லிப் பொடி 2 டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன். பாத்திரத்தைக் குலுக்கித்தான் கலக்க வேண்டும், கரண்டி போடாதீர்கள். டூத்பிக் ஒன்றுக்கு இரண்டு இட்லி குத்தினால் 21 குச்சி. ரயில் பயணத்துக்குப் பொடி இட்லி கட்டிக் கொடுப்பது எதற்கு? ஆறினாலும் எண்ணெயும் பொடியும் இட்லியை வறளவிடாது. அதனால் இதை மாலை 5 மணிக்கே முடித்து மூடிவிடலாம்.

மிச்ச மாவு பணியாரத்துக்கு. இதுதான் விருந்தினர் முன்னால் சுடப்போவது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தலா 1 டீஸ்பூன், பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 15, கொஞ்சம் தேங்காய்ப் பல் போட்டுத் தாளித்து, ஆறவிட்டு மாவில் கலக்குங்கள். வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் உள்ளே தண்ணீர் விட்டு, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுவில் மாவாகவே இருக்கும். கடை மாவில் உப்பு இருக்கும், ருசி பார்த்துப் போடுங்கள்.

சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், முக்கால் குழி மாவு. ஊற்றியதும் 'சுர்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடியில் ஒட்டப்போகிறது என்று அர்த்தம். தீயைக் குறைத்து மூடி 2 முதல் 3 நிமிடம். ஓரம் தானாகக் குழியை விட்டு விலகும்போது குச்சியால் திருப்பி, மூடாமல் இன்னும் 2 நிமிடம். வெளியே சிவந்தும் உள்ளே வேகவில்லை என்றால் தீ அதிகம். உப்பாமல் தட்டையாக நின்றால் மாவு புளிக்கவில்லை. எண்ணெயைக் குடித்தால் மாவு நீர்த்துவிட்டது, ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் சரியாகும். 7 குழிச் சட்டியில் மூன்று ஈடு, 21 பணியாரம். ஒரு ஈட்டை வந்தவர்கள் தின்று முடிக்கும்போது அடுத்தது தயாராகும்.

4. பனீர் அன்னாசிக் குச்சி (20 முதல் 24)

200 கிராம் பனீரை 2 செ.மீ. துண்டுகளாக்கி, உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். ஈரத்தை ஒற்றி, அரை டீஸ்பூன் மிளகாய்த் தூள், அரை டீஸ்பூன் மிளகுத் தூள், சிறிது எண்ணெயில் புரட்டி, தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் எடுங்கள். அதிக நேரம் இருந்தால் ரப்பராகும்.

அன்னாசியைப் பச்சையாகக் குத்தாதீர்கள். அதிலுள்ள ப்ரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்து, சிறிது நேரத்திலேயே பனீரைக் கசக்க வைக்கும். அதே தோசைக்கல்லில் துண்டுகளைப் புரட்டிப் புரட்டி, உள்வரை நன்றாகச் சூடேறி ஓரம் சிவக்கும் வரை வாட்டினால் நொதி செயலிழந்துவிடும், இனிப்பும் கூடும். ஒரு பனீர், ஒரு குடமிளகாய்ச் சதுரம், ஒரு அன்னாசி. இது ஆறியே நன்றாக இருக்கும்.

5. தேங்காய் லட்டு (26)

உலர் தேங்காய்த் துருவல் 200 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஏலக்காய்த் தூள் கால் டீஸ்பூன். சிறு தீயில் 4 நிமிடம் கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் 15 கிராம் உருண்டைகளாகப் பிடியுங்கள். முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

தொட்டுக்கொள்ள

ஒழுகாத சட்னிதான் தேவை, சட்டையில் சொட்டினால் விருந்தின் சந்தோஷமே போய்விடும். 400 கிராம் தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் 3 மணி நேரம் வடியவிட்டு, புதினா, பச்சை மிளகாய், உப்பு அரைத்துக் கலந்தால் கட்லட்டுக்கும் பனீருக்கும் ஆகும். பணியாரத்துக்கு எண்ணெய் பிரிய வதக்கிய தக்காளி பூண்டுச் சட்னி. தேங்காய்ச் சட்னி வெளியில் இருந்தால் சீக்கிரம் ஊசிப்போகும். வைத்தே ஆக வேண்டும் என்றால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

நேரக் கணக்கு (விருந்து மாலை 7 மணிக்கு)

முந்தின நாள் லட்டு, கட்லட் தட்டி வைப்பது. காலையில் தயிர் கட்டுவது, தக்காளிச் சட்னி. 3 மணிக்கு மாவை வெளியே எடுத்து, 4.30க்கு இட்லி. 5.30க்குப் பனீர், அன்னாசி வாட்டிக் குத்துவது. 6.15க்குக் கட்லட் பொரிப்பது. 6.50க்குப் பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றுவது.

பனீரும் தயிர்ச் சட்னியும் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பாதியை உள்ளே வைத்துப் பிறகு எடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்தால் அவர்கள் பங்கை டூத்பிக் இல்லாமல் தனித் தட்டில் கொடுங்கள். தின்றுவிட்டுக் குச்சியைப் போட மேசையிலேயே ஒரு காலி டம்ளர் வையுங்கள், இல்லாவிட்டால் அது சோபாவின் இடுக்கில்தான் போய்ச் சேரும்.