மில்லே தீட்டிய இரு பிரதமர்கள்: ஓர் உருவப்படத்தைப் பார்க்கும் முறை

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் சேகரிப்பில் ஆங்கில ஓவியர் ஜான் எவரெட் மில்லே தீட்டிய, பிரிட்டிஷ் பிரதமர்கள் இருவரின் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் உள்ளன: 1879இல் வரைந்த கிளாட்ஸ்டன், 1881இல் வரைந்த டிஸ்ரேலி. விக்டோரியா கால அரசியல் தலைவரின் படத்தைப் பார்க்கப் பழகுபவர் இவ்விரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் கண்ணுக்குத் தப்புவதை மற்றது காட்டிக்கொடுத்துவிடும். படங்கள் எப்போதும் சுவரில் இருக்கும் என்று நம்பிப் போய்விடாமல், கேலரியின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு உடையிலும் பின்னணியிலும் தொடங்குங்கள். பெருந்தலைவர்களின் படங்களில் வழக்கமாக வரும் பட்டு அங்கி, தூண், திரைச்சீலை எதுவும் இங்கில்லை. இருவரும் கறுப்புக் கோட்டுடன், வெறுமையான மங்கிய பின்னணியில் நிற்கிறார்கள். இப்போது ஆண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். 1879இல் டிஸ்ரேலி பிரதமர், கிளாட்ஸ்டன் பதவியில் இல்லை. 1880 தேர்தல் அதைத் தலைகீழாக்கியது. ஆக, இரு படங்களிலும் நிற்பவர் பதவியை இழந்தவர். அந்த வெறும் பின்னணி எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

அடுத்து கைகள். கிளாட்ஸ்டன் விரல்களை முன்னால் கோத்திருக்கிறார். டிஸ்ரேலி கைகளை மார்பின் குறுக்கே கட்டியிருக்கிறார். நம் வழக்கில் கைகட்டி நிற்பது பணிவு. அந்தப் பொருளை இந்தப் படத்தின்மீது ஏற்றிவிடக் கூடாது. இது எதிரில் இருப்பவரை அளந்து பார்க்கும் நிலை.

பிறகு அருகே செல்லுங்கள். வார்னிஷில் விளக்கொளி பட்டுக் கண் கூசினால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், கோட்டின் கறுப்புக்குள் இருக்கும் வேறுபாடுகள் தெரியவரும். 1852இல் முடித்த ‘ஒஃபீலியா’ ஓவியத்தில் ஆற்றங்கரைச் செடிகளை இலை இலையாகத் தீட்டிய அதே மில்லே, பிற்காலத்தில் விரைந்த, தளர்வான தூரிகை வீச்சுக்கு மாறியிருந்தார்.

இனி முகத்துக்கு வரலாம். டிஸ்ரேலிக்கு அப்போது வயது 76. தலைமுடி கறுத்திருப்பது சாயத்தால். மார்ச் மாதம் மில்லேயின் முன் நின்றவர் ஏப்ரல் 19 அன்று காலமானார்; படம் அவ்வாண்டே ராயல் அகாதமி கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவரை நேரில் பார்த்துத் தீட்ட மில்லேக்குக் கிடைத்த காலம் குறைவு. ஆகவே முகத்தில் தெரியும் உழைப்பு கையிலும் கோட்டின் கீழ்ப்பகுதியிலும் அதே அளவில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐயம் எழுந்தால் கிளாட்ஸ்டன் படத்தில் அதே இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.