பெனிடாயின் மாத்திரை: எங்கெல்லாம் தவறு நேர்கிறது, ஏன் நேர்கிறது

"நூறு மில்லிகிராம் மாத்திரை மூணு போட்டும் ஃபிட்ஸ் நிக்கல, அதான் நாலாக்கிட்டேன்." வலிப்புக்குத் தரும் பெனிடாயின் மருந்து நச்சாகிப்போன பலரின் கதை இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. மூன்றை நான்காக்கினால் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது நம் மனக்கணக்கு. மற்ற பெரும்பாலான மருந்துகளுக்கு அது சரி. எப்டாய்ன், டைலான்டின் என்ற பெயர்களில் விற்கும் இந்த மருந்துக்குச் சரியில்லை.

பெனிடாயினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அதன் வேலைத்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. நாம் வழக்கமாகத் தரும் அளவே அந்த எல்லைக்கு அருகில் போய்விடுகிறது. டோல்கேட்டில் கவுண்டர்கள் எல்லாம் நிரம்பிய பிறகு வரும் ஒவ்வொரு வண்டியும் வரிசையை நீட்டுவதுபோல, எல்லைக்கு மேல் விழும் ஒவ்வொரு மில்லிகிராமும் ரத்தத்திலேயே தேங்குகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பாடப்புத்தகச் சராசரி எண்களை வைத்துக் கணக்கிடுவோம். அவரது கல்லீரல் நாளுக்கு அதிகபட்சம் 420 மி.கி. உடைக்கும் என்று கொள்வோம். தினம் 300 மி.கி. எடுத்தால் ரத்த அளவு மில்லிக்கு 10 மைக்ரோகிராமில் நிலைக்கும். 350 எடுத்தால் 20. 400 எடுத்தால் 80-ஐ நோக்கி ஏறும். விரும்பத்தக்க வரம்பு 10 முதல் 20 வரை. அதாவது 50 மி.கி. கூட்டினால் வரம்பின் அடியிலிருந்து உச்சிக்குப் போகிறார். இன்னொரு 50 கூட்டினால் வரம்பைத் தாண்டி எங்கோ போய்விடுகிறார்.

இதில் இன்னொரு சிக்கல் நேரம். அதே மனிதர் 300-லிருந்து 400-க்கு மாறினால், ரத்த அளவு 20-ஐத் தொட ஏறக்குறைய ஒரு வாரமும், 30-ஐத் தொட இன்னும் பத்து நாளுக்கு மேலும் ஆகும். முதல் வாரம் நன்றாக இருப்பார். மூன்றாம் வாரம் தள்ளாடுவார். அதற்குள் மாத்திரையைக் கூட்டியதே வீட்டில் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

அதனால் பெரியவர்களுக்கு மருத்துவர்கள் பின்பற்றும் நடைமுறை இது: ரத்த அளவு 7-க்குக் கீழே இருந்தால் நாளுக்கு 100 மி.கி. வரை கூட்டலாம், 7 முதல் 12 வரை என்றால் 50, 12-க்கு மேல் என்றால் 25 அல்லது 30 மட்டும். வீட்டிலிருப்பவர் தானாக ஒரு மாத்திரையைக் கூட்டுவதற்கு இதில் இடமே கிடையாது. மறந்துபோன வேளையை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகப் போடுவதற்கும் இல்லை.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது இதற்கு நேர் எதிரான தவறு. இடைவிடாத வலிப்பில் கொண்டுபோய் விடும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று.

ரத்தப் பரிசோதனையை நம்பி ஏமாறுவது

அளவு மாற்றிய ஐந்தாம் நாளே பரிசோதனைக்குப் போவது பணத்துக்குக் கேடு. மேலே சொன்ன நபருக்கு 350 மி.கி. நிலைபெறவே மூன்று வாரம் பிடிக்கும். ஐந்தாம் நாள் 14 என்று வந்த எண்ணைப் பார்த்து "இன்னும் இடமிருக்கிறது" என்று மறுபடி கூட்டினால் விளைவு தெரிந்ததே. நச்சு அறிகுறி சந்தேகம் என்றால் மட்டும் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் ரத்தம் எடுக்கலாம். வழக்கமான சோதனைக்கு, அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன் எடுத்த ரத்தமே சரி. கடைசி மாத்திரை போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான சீட்டுகளில் அது இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய பொறி ஆல்புமின். ரத்தத்திலுள்ள பெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூளையில் வேலை செய்வது ஒட்டாமல் இருக்கும் மீதி 10 சதவீதம்தான். ஆய்வகம் தரும் எண்ணோ இரண்டையும் சேர்த்த மொத்தம். ஆல்புமின் குறைந்தவரிடம், அதாவது ஈரல் சுருக்கம், சிறுநீரில் புரதம் போகும் நோய், நீண்டநாள் படுக்கை, ஊட்டக்குறைவு உள்ளவர்களிடம், மொத்த எண் குறைவாகத் தெரிந்தாலும் வேலை செய்யும் பங்கு போதுமான அளவு இருக்கும்.

இதற்கு ஷைனர்-டோசர் சூத்திரம் உண்டு. ஆல்புமின் அளவை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டுங்கள், வந்த எண்ணால் ஆய்வக எண்ணை வகுங்கள். ஆல்புமின் 100 மில்லிக்கு 2 கிராம், ஆய்வக எண் 8 என்றால்: 0.4 + 0.1 = 0.5, 8-ஐ 0.5-ஆல் வகுத்தால் 16. காகிதத்தில் "குறைவு" என்று அச்சாகியிருப்பது உண்மையில் நிறைவான அளவு. இந்தக் கணக்கைப் போடாமல் மாத்திரையைக் கூட்டியதால் நச்சானவர்கள் நிறைய. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஆல்புமின் சரியாக இருந்தாலும் ஒட்டும் தன்மை மாறிவிடுகிறது. வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்து எடுப்பவர்களுக்கும் அப்படியே. இவர்களுக்கு ஒட்டாத பெனிடாயினைத் தனியாக அளப்பதே நல்லது. அதன் வரம்பு 1 முதல் 2.

கடைசியாக, எண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. 8-லேயே வலிப்பு வராமல் நன்றாக இருப்பவரை 12-க்கு ஏற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

தள்ளாட்டத்தைப் பித்தம் என்று நினைப்பது

பெனிடாயின் மிஞ்சும்போது முதலில் காட்டிக்கொடுப்பது கண். முகத்தை அசைக்காமல் உங்கள் விரலைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள்; கருவிழி ஓரத்தில் துடிதுடித்து இழுக்கும். பெரும்பாலும் 20-ஐத் தாண்டியதும் இது தெரியும். 30-ஐத் தாண்டினால் கால் அகட்டி, சுவரைப் பிடித்து நடப்பார், பேச்சு குழறும், ஒன்று இரண்டாகத் தெரியும், வாந்தி வரும். 40-க்கு மேல் மயக்கமும் குழப்பமும். ஆளுக்கு ஆள் இந்தப் படிகள் முன்பின் ஆகும், முதியவர்களுக்கு முன்னதாகவே வரும்.

தலைசுற்றல் என்று மாத்திரை வாங்கிப் போடுவது, பக்கவாதமோ என்று ஸ்கேனுக்கு ஓடுவது, "குடிச்சிருக்கானா" என்று கேட்பது எல்லாம் இங்கேதான் நடக்கிறது. மிக அதிக அளவில் பெனிடாயினே வலிப்பைக் கூட்டும் என்பது பலருக்குப் புதுச்செய்தி. வலிப்பு கூடியது என்று அப்போது மாத்திரையைக் கூட்டினால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

இதற்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது. மருத்துவர் மருந்தை நிறுத்திவைப்பார், விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார், சில நேரம் கரித்தூள் மருந்து தருவார். மருந்து இறங்குவதும் மெதுவாகத்தான். நாம் எடுத்துக்கொண்ட 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 10 அளவுக்குத்தான் குறையும். 50-லிருந்து 20-க்கு வர மூன்று நான்கு நாள். குடலில் மருந்து மிச்சமிருந்தால் இன்னும் நீளும். முதல் நாளே எழுந்து நடக்கவில்லையே என்று கலங்க வேண்டாம்.

பாட்டிலும் பிராண்டும்

பெனிடாயின் திரவ மருந்து நீரில் கரைவதில்லை, மிதந்து நிற்கிறது. குலுக்காமல் ஊற்றினால் மேல்பாதி நீர்த்தும் அடிப்பாதி செறிந்தும் வரும். புதுப் பாட்டில் திறந்த வாரம் குழந்தைக்கு வலிப்பு, பாட்டில் முடியும் வாரம் தூக்கமும் தள்ளாட்டமும் என்று மாறி மாறி வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கி, அளவு குறித்த ஊசிக்குழலால் எடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். 5 மில்லியில் 125 மி.கி. உள்ள திரவமும் உண்டு, 30 மி.கி. மட்டுமே உள்ளதும் உண்டு. "அஞ்சு மில்லி" என்று மட்டும் நினைவில் வைத்துக் கடை மாற்றினால் மருந்து நான்கு மடங்கு ஏறவோ இறங்கவோ செய்யும்.

மாத்திரையிலிருந்து திரவத்துக்கு மாறும்போதும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேப்ஸ்யூலில் உள்ளது சோடியம் உப்பு. அதன் 100 மி.கி.யில் பெனிடாயின் 92 மி.கி.தான். திரவத்தில் இருப்பது முழுப் பெனிடாயின். எட்டு சதவீதம் அற்பம்தானே என்று தோன்றும். முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பார்த்தால் தோன்றாது.

பிராண்ட் மாற்றுவது பற்றிய எச்சரிக்கைக்கு ஆஸ்திரேலியாவில் 1968-இல் நடந்ததே சான்று. அங்கே அதே 100 மி.கி. கேப்ஸ்யூலை அதே எண்ணிக்கையில் எடுத்தவர்கள் அடுத்தடுத்து நச்சு அறிகுறிகளோடு வந்தார்கள். ஆராய்ந்தபோது மருந்து மாறவில்லை, அதோடு கலக்கும் நிரப்புப் பொருள் மாறியிருந்தது: கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ். கால்சியம் இருந்தவரை மருந்தில் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே போய்க்கொண்டிருந்தது. லாக்டோஸ் வந்ததும் ரத்த அளவு ஏறிவிட்டது. ஆகவே கடைக்காரர் "அதே மருந்துதான்" என்று வேறு அட்டையை நீட்டினால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். கால்சியம் மாத்திரையையும் அசிடிட்டி மருந்தையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

கூடவே சாப்பிடுபவை

காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் பெனிடாயினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதே சிகிச்சையிலுள்ள ரிஃபாம்பிசின் எதிர்த்திசையில் இழுக்கிறது. யாரிடம் எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காசநோய் மருந்து தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ரத்த அளவு பார்த்தே ஆக வேண்டும். படர்தாமரைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், இதயத்துடிப்புக்கான அமியோடரோன், கிருமித்தொற்றுக்கான கோட்ரைமாக்சசோல் ஆகியவை பெனிடாயினைக் கூட்டும். ஃபோலிக் அமிலத்தை அதிகமாகச் சேர்த்தால் பெனிடாயின் குறையலாம். கருத்தடை மாத்திரையைப் பெனிடாயின் வலுவிழக்கச் செய்யும். "மாத்திரை போட்டும் கரு தங்கிவிட்டது" என்பதன் பின்னால் இது இருப்பதுண்டு. கருவிலுள்ள குழந்தையின் முகம், விரல் நுனி, நக வளர்ச்சியைப் பெனிடாயின் பாதிக்கலாம் என்பது 1975 முதல் பதிவாகியுள்ளது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவுற்றது தெரிந்ததும் தானாக நிறுத்தக் கூடாது.

நினைவாற்றலுக்கு என்று வாங்கித் தரும் சங்குபுஷ்பி சிரப், பெனிடாயினின் ரத்த அளவையும் வலிப்பைத் தடுக்கும் திறனையும் குறைப்பதை எலிகளில் காட்டிய இந்திய ஆய்வு 1992-இல் வெளிவந்தது. மிளகிலுள்ள பைப்பரின், பெனிடாயின் உறிஞ்சப்படுவதைக் கூட்டுவதாகவும் இந்திய ஆய்வுகள் உண்டு, அவற்றில் சில நோயாளிகளிடமே செய்யப்பட்டவை. இதைப் படித்துவிட்டு மிளகு ரசத்தை விலக்கத் தேவையில்லை. தினம் ஒரே மாதிரி சாப்பிடுபவருக்கு அதையும் சேர்த்துத்தான் மருந்தளவு நிலைபெற்றிருக்கும். சளிக்குத் திடீரென்று திரிகடுகச் சூரணத்தைக் கரண்டி கரண்டியாகத் தொடங்குவதுதான் கவனிக்க வேண்டியது.

தோல், மரபணு, ஈறு

தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் நெறிகட்டு, வாயில் புண் என்று எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுப் பார்த்திருப்பது ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கேயும் ஒரு தவறு நேரலாம்: பெனிடாயினுக்குப் பதில் கார்பமசிபைனோ பெனோபார்பிட்டோனோ எழுதுவது. இம்மூன்றும் ஒன்றின் ஒவ்வாமை இன்னொன்றிலும் வெடிக்கக்கூடிய வகை. "எந்த மருந்தில் தடிப்பு வந்தது" என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்தத் தோல் பாதிப்பின் ஆபத்து கூடுதல். நொதியின் மரபணுவான சிஒய்பி2சி9-இல் மூன்றாம் வகை உள்ளவர்களுக்குப் பெனிடாயின் மெதுவாகவே உடைகிறது. புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே இது அரிதான வகை அல்ல. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த வகையைப் பெற்றவருக்கு, தொடர்ந்து எடுக்கும் அளவைப் பாதியாகத் தொடங்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டல்கள். "எல்லாரும் முந்நூறுதான் போடறாங்க" என்ற வாதம் அதனால்தான் செல்லாது.

ஈறு வீக்கம் முதல் சில மாதங்களில் தொடங்கும். பல் துலக்குவதில் அசட்டை இருந்தால் வேகமாக வளரும். ஈறில் ரத்தம் வருகிறது என்று துலக்குவதையே நிறுத்துகிறார்கள். அப்போது அழுக்குப் படிந்து வீக்கம் இன்னும் கூடுகிறது. வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு வலுவிழக்கும். இடுப்பு, தொடை வலியை வயதின் மேல் போடாமல் ஒரு சோதனை செய்வது நல்லது. நெடுநாள் எடுத்தவர்களின் சிறுமூளை சுருங்குவது பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும்: அடிக்கடி வந்த வலிப்பும் அதே சுருக்கத்தைத் தரக்கூடும் என்பதால், ஸ்கேனில் கண்டதெல்லாம் மாத்திரையின் வேலை என்று சொல்லிவிட முடியாது.

ஊசியாகப் போடும்போது

வாய்வழி மிஞ்சினால் இதயம் பாதிக்கப்படுவது அபூர்வம். ஊசியில் கதை வேறு. மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் வேகமும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை வீழ்த்தி, துடிப்பைக் குலைக்கும். கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 60 கிலோவுக்கு 1,200 மி.கி.; நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகாமல் குறைந்தது 24 நிமிடம். முதியவருக்கும் இதயநோயாளிக்கும் வேகம் அதில் பாதி. இசிஜி திரையைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். நார்மல் சலைனில் மட்டும் கலக்க வேண்டும், குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் வெண்படிவமாக உறைந்து நிற்கும். தசையில் போடவே கூடாது: அங்கேயும் படிகமாகித் தேங்கி, எப்போது ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது. மருந்தின் காரத்தன்மை 12 பி.எச். அளவு என்பதால் புறங்கையின் மெல்லிய ரத்தக்குழாயிலிருந்து கசிந்தால் கை ஊதா நிறமாகி வீங்கும். முழங்கைப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

மூக்குக் குழாய் வழியாக உணவு போகும் நோயாளிக்குப் பெனிடாயினையும் அதே குழாயில் கொடுத்தால் உணவு அதைப் பிடித்துவைத்து, ரத்த அளவு சரிந்துவிடும். கொடுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் உணவை நிறுத்தி, குழாயைத் தண்ணீரால் கழுவுவார்கள். குழாய் உணவு நின்று வாய்வழிச் சாப்பாடு தொடங்கும் நாளில் பழைய அளவையே தொடர்ந்தால் இப்போது முழு மருந்தும் உள்ளே போகும். டிஸ்சார்ஜ் சீட்டில் "பெனிடாயின் அளவை மறுபடி பார்க்கவும்" என்று ஒரு வரி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.