பல வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கல்விப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுக்கல்வியில் புதிதாக இறங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வகுப்புக்குரிய முழுத் தொகுப்பு ஒன்றை வாங்கி அடுக்குவதிலிருந்தே தொடங்குகின்றன. ஒரே பிள்ளை என்றால் அது ஒருவாறு ஓடிவிடும். மூன்று பிள்ளைகள் என்றால் கணக்கு உதைக்கும். ஆளுக்கு ஐந்து பாடம் வீதம் நாளொன்றுக்கு 15 பாடங்கள்; ஒவ்வொன்றுக்கும் பெரியவர் ஒருவர் அரை மணி நேரம் கூட உட்கார்ந்தால் ஏழரை மணி நேரம். திருத்தும் வேலையும், மறுநாளுக்கான ஆயத்தமும், வீட்டின் மற்ற வேலைகளும் இதில் சேரவில்லை. நல்ல நூல்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. கற்பிப்பவரின் நேரத்துக்குத்தான் தட்டுப்பாடு. ஆகவே, பல வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்தப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தாலும், இது நல்லதா என்று கேட்பதற்கு முன், இது என்னிடமிருந்து நாளுக்கு எத்தனை நிமிடம் கேட்கிறது என்று கேட்க வேண்டும்.

நூல்களைப் புரட்டுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: வாழும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்வது. ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு ஏறத்தாழ இடமே இல்லை. இங்கிலாந்தில் வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. சில மாநிலங்கள் குறிப்பிட்ட பாடங்களையும் ஆண்டு மதிப்பீட்டையும் கேட்கின்றன, சில எதையும் கேட்பதில்லை. கட்டாயப் பாடங்கள், வைத்திருக்க வேண்டிய பதிவேடுகள், மதிப்பீட்டுக் காலம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், பின்னால் எந்தத் தொகுப்பைப் பார்த்தாலும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுவிடலாம்.

அடுத்து, பாடங்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். படி படியாக ஏறியே தீர வேண்டியவை ஒரு வகை: எழுத்துக்கூட்டி வாசித்தல், எழுத்துப் பயிற்சி, இலக்கணம், கணிதம். பெருக்கல் வராத பிள்ளைக்குப் பின்னம் வராது. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில்தான் நிற்க முடியும். வரலாறு, புவியியல், பெரும்பாலான அறிவியல், இலக்கியம், கலை ஆகியவை இன்னொரு வகை. எரிமலையைப் பற்றி ஆறு வயதிலும் படிக்கலாம், பதின்மூன்று வயதிலும் படிக்கலாம். ஒன்றைப் படித்த பிறகுதான் மற்றொன்று என்ற கட்டாயம் அங்கே குறைவு. முதல் வகையைத் தனித்தனியாகவும் இரண்டாம் வகையைக் கூட்டாகவும் நடத்துவதென்று முடிவு செய்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாக மாறிவிடும். மூன்று பிள்ளைகளுக்குக் கணிதமும் மொழியும் தலா 25 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம்; வரலாறும் அறிவியலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட்டுப்பாடமாக 45 நிமிடம். மொத்தம் மூன்றேகால் மணி நேரம். மனித உடம்பால் இது தாங்கக்கூடியது.

கூட்டுப்பாடம் என்றால் மூவரும் ஒரே பக்கத்தை வாசித்து ஒரே கேள்விக்கு விடை எழுதுவதாகாது. நிலவின் வளர்பிறை, தேய்பிறையை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பிள்ளை ஒரு மாதம் தினமும் வானத்தைப் பார்த்து நிலவின் வடிவத்தை ஒரு கட்டத்தில் வரைந்து வண்ணம் தீட்டினால் போதும். (முழுநிலவுக்குப் பிறகு நிலவு எழவே வெகுநேரம் ஆகும், அதற்குள் அந்தப் பிள்ளை தூங்கிவிடும் என்பதால், தேய்பிறை நாள்களின் படத்தைக் காலை வானத்தைப் பார்த்து வரைய வைக்க வேண்டும்.) பத்து வயதுப் பிள்ளை நிலவு எழும் நேரத்தைக் குறித்து, அது நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் பிந்துவதைக் கண்டுபிடிக்கலாம், இருட்டறையில் ஒரு விளக்கைச் சூரியனாக வைத்து, கையில் பந்தைப் பிடித்துத் தன்னைத்தானே சுற்றிப் பார்த்து, பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான கேள்வி வேண்டும்: நிலவு பூமியைச் சுற்றி வர ஏறத்தாழ 27.3 நாள்தான் ஆகிறது, பிறகேன் ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்கு 29.5 நாள் ஆகிறது? அந்த 27 நாளில் பூமியும் சூரியனைச் சுற்றித் தன் பாதையில் ஏறத்தாழ 27 பாகை நகர்ந்துவிடுகிறது என்பதைப் படம் போட்டு விளக்கச் சொன்னால், ஒரு வாரத்துக்கான அறிவியல் அங்கேயே இருக்கிறது. தலைப்பு ஒன்று, வேலை மூன்று. எந்தத் தலைப்பையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வளர்ச்சிக்கேற்ற வடிவில், உண்மை கெடாமல் கற்பிக்கலாம் என்று உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் வாதிட்டது இதைத்தான்.

ஆகவே கூட்டுப்பாட நூலைப் பார்க்கும்போது, ஒரே தலைப்புக்கு வெவ்வேறு கனமுள்ள வேலைகளை அதுவே தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தராத நூலை வாங்கினால் அந்த வேலையை ஒவ்வொரு ஞாயிறு இரவும் பெற்றோர்தான் உருவாக்க வேண்டியிருக்கும். எந்த வயதைக் குறிவைப்பது என்பது இன்னொரு கேள்வி. என் கருத்தில், மூத்த பிள்ளையின் நிலைக்குச் சற்றுக் கீழே வைப்பதே நல்லது. சின்னப் பிள்ளைக்கு ஏற்றபடி இறக்கினால் பெரிய பிள்ளைகள் இருவரும் காத்துக் கிடப்பார்கள். சற்று உயரத்தில் வைத்தால் சின்னது பிடித்ததைப் பிடித்துக்கொள்ளும், விட்டதை அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளும்.

அடுத்த சுற்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வரலாற்றைப் பழங்காலம், இடைக்காலம், நவீன காலத் தொடக்கம், அண்மைக் காலம் என நான்கு ஆண்டுகளாகப் பிரித்து, முடிந்ததும் மறுபடி தொடங்கும் முறை வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே பரவலாக உள்ளது. ஆறு வயதில் பழங்காலத்தைக் கதையாகக் கேட்ட பிள்ளை பத்து வயதில் அதையே வரைபடத்தோடும் காலவரிசையோடும் படிக்கும், பதினான்கில் மூல ஆவணங்களோடு படிக்கும். வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அந்த ஆண்டு எல்லாரும் ஒரே காலகட்டத்தில்தான் இருப்பார்கள். ஒரு பிள்ளை இடைக்காலத்தில் வந்து சேர்ந்து பழங்காலத்தைக் கடைசியில் படிக்க நேர்ந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. அறிவியலையும் உயிரியல், புவி மற்றும் வானியல், வேதியியல், இயற்பியல் என்று இவ்வாறே சுழற்றலாம். ஆனால் இயற்பியலும் வேதியியலும் இயற்கணிதத்தைக் கேட்கத் தொடங்கும் வயதில், அதாவது ஏறத்தாழ பதினான்கில், மூத்த பிள்ளையைத் தனியே பிரித்துவிட வேண்டும்.

இலக்கியத்துக்கு இவ்வளவு திட்டம் தேவையில்லை. பிள்ளைகள் தாமே வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பல ஆண்டுகள் முந்தி நிற்கும் என்பதால், ஒருவர் உரக்க வாசித்தால் ஏழு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே கதையில் உட்கார்ந்துவிடும். வாசித்ததைத் திருப்பிச் சொல்லச் செய்யும் முறையை ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) தம் கல்விமுறையின் நடுவே வைத்தார். பல வயதினர் இருக்கும்போது சிறிய பிள்ளையை முதலில் சொல்ல விட வேண்டும். பெரியது முந்திக்கொண்டால் சிறியதற்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. பெரிய பிள்ளை அதையே எழுத்தில் தரட்டும்.

இனி, தனித்தனியாக நடத்த வேண்டியவற்றுள் அதிகத் தலைவலி தருவது கணிதம். அட்டையில் அச்சிட்டிருக்கும் வகுப்பு எண்ணை நம்பக் கூடாது. ஒரு பதிப்பகம் மூன்றாம் வகுப்பில் வைக்கும் வகுத்தலை இன்னொன்று நான்காம் வகுப்பில் வைக்கும். பல பதிப்பகங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் நிலையறி தேர்வைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் வைத்து, மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் தவறுகளின் வகையையும் பார்க்க வேண்டும். நான்கு இலக்கப் பெருக்கலைத் தடங்கலின்றிப் போடும் பிள்ளை ½ + ⅓ என்பதற்கு ⅖ என்று விடை எழுதினால், அது மேலும் கீழும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு முழுவதையும் திருப்பி நடத்தத் தேவையில்லை, பின்னம் என்ற ஓர் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தினால் போதும்.

கணித நூல்களைப் பொதுவாக இரு முறைகளில் அமைக்கிறார்கள். ஒரு கருத்தை நன்றாக ஊன்றிவிட்டு அடுத்ததற்குப் போவது முழுத்தேர்ச்சி முறை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968இல் முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றல் என்ற கருத்தும் இதே திசையில் செல்வதுதான். எல்லாக் கருத்துகளையும் சிறிது சிறிதாகத் தொட்டு, திரும்பத் திரும்ப வந்து ஆழப்படுத்துவது சுருள் முறை. பிள்ளையின் இயல்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அது சரிதான். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் திருத்தும் சுமையையும் பார்க்க வேண்டும். சுருள் முறை நூல்களில் நாள்தோறும் கலவையான கணக்குகள் இருபது முப்பது வருவதுண்டு. மூன்று பிள்ளைகள் என்றால் ஒரு நாளில் தொண்ணூறு கணக்குகள் திருத்த நேரும். விடைகள் படிவாரியாகத் தனி நூலில் இருக்கின்றனவா, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே திருத்திக்கொள்ள முடியுமா என்று கேட்பது சோம்பேறித்தனம் ஆகாது.

ஒன்றரை, இரண்டு வயது இடைவெளியில் இருக்கும் உடன்பிறப்புகளைக் கணிதத்தில் சேர்த்து உட்கார வைக்க ஆசை வரும். சின்னது மூத்ததை முந்தும் நாள் வரை அது நன்றாகத்தான் போகும். முந்திய பிறகு மூத்த பிள்ளை கணிதத்தையே வெறுக்கத் தொடங்கும் அபாயம் இருப்பதால், இருவருக்கும் தொடக்கத்திலேயே வேறு வேறு நூல்வரிசையைக் கொடுத்துவிடுவது அமைதிக்கு நல்லது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வகுப்பறைகளில் 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12 என மூன்றாண்டு இடைவெளியில் பிள்ளைகளைச் சேர்த்தே வைத்தார்கள் என்று சிலர் சுட்டிக்காட்டலாம். அங்கே அறையும் பொருள்களும்தான் பொது. கணிதத்தில் அவரவர் வேலை அவரவருடையது.

எந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குவது? பொதுத்தேர்வை நோக்கிப் போகும் மூத்த பிள்ளை இருந்தால் அங்கிருந்துதான். தேர்வு வாரியத்தின் பாடவரையறையை எடுத்து, தனித்தேர்வராக எழுத முடியுமா, எந்த மையத்தில் எழுதலாம், அறிவியல் செய்முறைத் தேர்வை எங்கே செய்வது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று பார்த்துப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். இங்கே விருப்பத்துக்கு இடம் குறைவு என்பதால் தேர்வும் விரைவில் முடிந்துவிடும். அதன்பின் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை. அதற்கு நாள்தோறும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பதினைந்து, இருபது நிமிடம்தான், ஆனால் அந்த நேரத்தில் வேறெதுவும் ஓடாது. ஒரே ஆண்டில் இன்னொரு பிள்ளைக்கும் பெற்றோர் முழுக்கக் கூட உட்கார வேண்டிய புதிய பாடத்தைத் தொடங்காமல் இருப்பது நலம். நடுப்பிள்ளைக்குக் கடைசியில் வருவோம். ஆனால் அந்தப் பிள்ளைதான் எளிதில் கவனத்திலிருந்து நழுவும். சொல்வதைக் கேட்டுத் தானே வேலை செய்யும் பிள்ளை என்பதால் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது நடக்கும். அதற்குத் தானே படிக்கும் நூல் ஒன்றும், பெற்றோரோடு மட்டும் செய்யும் பாடம் ஒன்றும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிவான பிறகு நூலை வாங்குவதற்கு முன் ஆசிரியர் கையேட்டின் மாதிரிப் பக்கங்களை இறக்கி, ஒரு வாரப் பகுதியை முழுதாக வாசிக்க வேண்டும். பாடம் தொடங்குமுன் பெற்றோர் படிக்க வேண்டியது எத்தனை பக்கம், எத்தனை பொருள்களைத் திரட்டச் சொல்கிறது, எத்தனை முறை அச்செடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி நூல்கள் தாமாக விலகிவிடும். எழுதித் தீரும் பயிற்சி நூல் எது, அடுத்த பிள்ளைக்கு மிஞ்சும் பாடநூல் எது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூத்ததன் பாடநூலை நான்கு ஆண்டு கழித்துத் தம்பிக்கு எடுக்கும்போது பயிற்சி நூலின் பதிப்பு மாறி, பக்க எண்கள் பொருந்தாமல் போவதுண்டு. ஆகவே மாற்றமின்றி நெடுநாள் வரும் நூல்வரிசையை விரும்பலாம், அல்லது பயிற்சி நூல்களை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். குடும்பத்துக்குள் நகலெடுக்க அனுமதி உண்டா என்பதைப் பதிப்புரிமைக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பதிப்பகங்கள் தருகின்றன, சில தருவதில்லை. இணையவழிப் பாடங்கள் பெற்றோரின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், வீட்டில் ஒரே கணினி இருக்க, இரண்டு நேரலை வகுப்புகள் காலை பத்து மணிக்கே வந்து நின்றால் மிச்சமாவது எதுவும் இராது.

தொடங்கிய ஆறாவது வாரத்தில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பது நல்லது. ஒரு பிள்ளை ஒரு பாடத்தைக் கண்டாலே கண்ணைக் கசக்குகிறது என்றால் உடனே புது நூலைத் தேட வேண்டாம். அதே நூல்வரிசையில் முந்தைய நிலையை இரண்டு வாரம் நடத்திப் பார்க்க வேண்டும். அங்கே சரளமாகப் போனால் பிழை நிலையில்தான், நூலில் இல்லை. அந்த நிலையிலிருந்தே ஏறி வரலாம். அங்கேயும் திணறினால் நூலை மாற்றலாம், ஆனால் அந்த ஒரு பாடத்தை, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும். கூட்டுப்பாடத்தை நடுவாண்டில் மாற்றுவதானால் எல்லாப் பிள்ளைகளின் வேலையும் ஒருசேரக் குலையும் என்பதால், அதை ஆண்டு முடிவு வரை ஓட்டிவிட்டு, அதுவரை பிடிக்காத செயல்பாடுகளைத் தவிர்த்துவிட்டு வாசிப்பை மட்டும் தொடரலாம்.