மாதாந்திர வாடகையை உயர்த்துவது எப்படி? கலிபோர்னியாவில் வீடு வாடகைக்கு விடுவோருக்கான செய்முறை

ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து, குடியிருப்பவர் மாதாமாதம் வாடகை கொடுத்துத் தொடர்ந்து வசிக்கும்போது, புதிதாக வீடு வாடகைக்கு விட்டவர்கள் பெரும்பாலும் எவ்வளவு கூட்டுவது என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். நம் வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூட்டும் தொகையும் நாளும் அதிலிருந்தே கிடைக்கும்.

முதற்படி: 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுவதற்குமானது. கட்டி முடித்துக் குடியேறும் சான்று பெற்று 15 ஆண்டுகள் நிறையாத கட்டடங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. தனிநபருக்குச் சொந்தமான தனிவீட்டுக்கும் உண்டு. ஆனால் விலக்கு பெற்ற வீடு இது என்று குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இந்த ஒரு பத்தி ஒப்பந்தத்தில் விடுபட்டதால் விலக்கை இழப்பவர்கள் பலர் என்பதால், உங்கள் தாளை இப்போதே எடுத்துப் பாருங்கள். அடுத்து, உங்கள் நகரத்தின் விதியையும் தேடுங்கள். சான் ஹோசேயில், 1979 செப்டம்பர் 7-க்கு முன் கட்டிய, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களில் ஆண்டுக்கு 5 விழுக்காடுதான் உயர்த்தலாம்.

இரண்டாம் படி: மாநில வரம்பு என்பது 5 விழுக்காட்டுடன் உங்கள் வட்டாரத்தின் விலைவாசி உயர்வைக் கூட்டிய தொகை, அது எவ்வளவு வந்தாலும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வாடகை 2,400 டாலர், விலைவாசி உயர்வு 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 8 விழுக்காடாகிய 192 டாலரைக் கூட்டி 2,592 வரை கேட்கலாம். 12 மாதங்களுக்குள் இரு தவணைகளாக உயர்த்தலாம் என்றாலும், இரண்டும் சேர்ந்து இதே வரம்புக்குள் அடங்க வேண்டும்.

மூன்றாம் படி: 12 மாதங்களில் மொத்த உயர்வு 10 விழுக்காடு வரை என்றால் 30 நாள் முன்னறிவிப்பு போதும், அதற்கு மேல் என்றால் 90 நாள் வேண்டும். ஆகவே 90 நாள் கணக்கு பெரும்பாலும் விலக்கு பெற்ற வீட்டுக்காரர்களுக்கே உரியது. தபாலில் அனுப்பினால் மேலும் 5 நாள் சேர்க்க வேண்டும் என்பதால், ஜூலை 1 முதல் புதிய வாடகை வேண்டுமென்றால் மே 20-க்குள் அனுப்பிவிடுவது நல்லது.

நான்காம் படி: கடிதத்தில் வீட்டின் முகவரி, குடியிருப்பவர்கள் பெயர், இப்போதைய வாடகை, புதிய வாடகை, அது தொடங்கும் நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள். நேரில் கொடுங்கள் அல்லது தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியையோ தொலைபேசிப் பேச்சையோ நம்பியிருக்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முன், குடியிருப்பவர் அண்மையில் ஏதேனும் பழுதைச் சொல்லிக் காத்திருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று முறையிட்டவருக்குப் பழிவாங்கும் நோக்கில் வாடகையை உயர்த்துவது சட்டவிரோதம். முறையீட்டுக்குப் பிந்தைய 180 நாட்களுக்குள் அனுப்பும் கடிதம் எளிதில் அப்படிப் பார்க்கப்படும். சட்டம் ஒருபுறம் இருக்க, நம் வீட்டில் ஒரு குடும்பம் குளிரில் நடுங்கும்போது கூடுதல் பணம் கேட்பது முறையன்று. பழுதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கடிதத்தை எழுதுங்கள். கடிதத்தின் நகலில், அதை யார், எந்த நாளில், எவ்வாறு சேர்ப்பித்தார் என்று குறித்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.