ஆக்சஸ் பாயின்ட் ஃபர்ம்வேர் மாற்றம்: தொடங்கும் முன்பே திரும்பும் வழி

மதுரை ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், என் தாய்மாமா ஒரு லாட்ஜ் நடத்துகிறார். மூன்று மாடிகளுக்கும் சேர்த்து டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆறு ஆர்ச்சர் சி7 ரவுட்டர்களை ஆக்சஸ் பாயின்ட்டுகளாக, அதாவது வைஃபையைப் பரப்பும் கருவிகளாக, வைத்திருக்கிறோம். அவற்றைப் பராமரிப்பது என் பொறுப்பு. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில், அறைகள் அனைத்தும் முன்பதிவாகியிருந்த நேரத்தில், ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை, புதுப்பிக்கப்போய் ஆறாவது கருவியைச் செயலிழக்கச் செய்துவிட்டு, இரண்டு இரவுகள் உழைத்து அதை மீட்டேன். அந்த மீட்பில் கற்றதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். ஐபி முகவரியை மாற்றுவதும் கருவியின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் கருவியை ஏன் தொட வேண்டும் என்று மாமாவும் கேட்டார். 2017ஆம் ஆண்டு வெளிவந்த கிராக் என்னும் குறைபாடு வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையையே பாதித்தது. 2021இல் ஃபிராக்அட்டாக்ஸ் என்ற பெயரில் இன்னொரு தொகுதிக் குறைபாடுகள் வெளிவந்தன. இவற்றுக்கான திருத்தம் ஃபர்ம்வேர் வழியாகத்தான் வந்து சேரும். தயாரித்த நிறுவனம் ஒரு கருவிக்குப் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்டால், வன்பொருள் நன்றாக இருந்தாலும் அந்தக் கருவி திறந்த கதவாகவே நிற்கும். ஊர் பேர் தெரியாத நூறு பேர் ஒரே வலைப்பின்னலில் சேரும் லாட்ஜில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

நிறுவனத்தின் ஃபர்ம்வேருக்குப் பதிலாக நான் பயன்படுத்துவது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ஃபர்ம்வேர். பேச்சில் ஓப்பன்வர்ட் என்போம். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி கருவிக்கான மூல நிரல் 2003இல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டதிலிருந்து கிளைத்து, 2004இல் தொடங்கிய திட்டம் இது. இதேபோன்ற டிடி-டபிள்யூஆர்டியையும் சில காலம் பயன்படுத்திப் பார்த்தேன். எண்ணிட்ட நிலையான வெளியீடுகளும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி விளக்கப் பக்கமும் இருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓப்பன்வர்ட்டையே பரிந்துரைக்கிறேன்.

அடிப்பக்க ஒட்டுவில்லை

கருவியைத் திருப்பி அடிப்பக்கத்தில் உள்ள ஒட்டுவில்லையைப் படியுங்கள். மாதிரிப் பெயருக்கு அருகில் 4.0, 5.0 என்பதுபோல் வன்பொருள் பதிப்பு எண் இருக்கும். பெயரும் பெட்டியும் ஒன்றாக இருந்தாலும், பதிப்பு 4க்கும் பதிப்பு 5க்கும் தனித்தனிக் கோப்புகள்தான். கையில் இருக்கும் ஒவ்வொரு கருவியின் ஒட்டுவில்லையையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, ஃபர்ம்வேர் எழுதப்படும் நினைவகமான ஃபிளாஷின் அளவு. சி7 கருவியின் இந்த இரண்டு பதிப்புகளிலும் 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் உள்ளன, அது போதும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் டபிள்யூஆர்841என் போன்ற, 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட கருவிகளுக்கான ஆதரவு ஓப்பன்வர்ட்டின் 19.07 வரிசையோடு முடிந்துவிட்டது. அதில் முயன்று நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மூன்று கோப்புகள்

ஓப்பன்வர்ட் தளத்தில் கருவிக்குரிய பக்கத்திலிருந்து ஃபேக்டரி என்ற பெயர் கொண்ட கோப்பையும், சிஸ்அப்கிரேடு என்ற பெயர் கொண்ட கோப்பையும் தரவிறக்குங்கள். நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறும்போது ஃபேக்டரி கோப்பு. ஏற்கெனவே ஓப்பன்வர்ட் ஓடும் கருவியைப் புதுப்பிக்கும்போது சிஸ்அப்கிரேடு கோப்பு. மூன்றாவதாக, நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேரையும் அதன் தளத்திலிருந்து எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். இணையம் இந்தக் கருவி வழியாகத்தான் வருகிறது என்றால், அது செயலிழந்த பிறகு எதையும் தரவிறக்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

பதிவிறங்கிய கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்பதைக் காட்டும் ஷா256 மதிப்பை, தரவிறக்கப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையும், லினக்ஸில் ஷா256சம் கட்டளையும் இதைச் செய்யும். நான் முதல் எட்டு எழுத்துகளையும் கடைசி எட்டையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுவேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

மின்சாரம்

ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கருவி பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு நாளிதழில் வந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அறிவிப்பு இல்லாத நாளிலும், ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் வழியாகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன். கோடை மாலையில் இடி இடிக்கும்போது கைவைப்பதே இல்லை.

எழுதுதல்

வைஃபை வழியாகச் செய்ய வேண்டாம். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ஈதர்நெட் கேபிளை கருவியின் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். 192.168.0.1 என்ற முகவரியில் நிறுவனத்தின் பக்கம் திறக்கும். பழைய அமைப்புகளைக் காப்புநகல் எடுத்தாலும் அதை ஓப்பன்வர்ட்டில் ஏற்ற முடியாது. எனவே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்வதே பயன்படும். பிறகு ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் பகுதியில் ஃபேக்டரி கோப்பைக் கொடுங்கள். கோப்பின் நீண்ட பெயரை அந்தப் பக்கம் ஏற்காமல் போவதுண்டு. பெயரைச் சுருக்கிவிட்டு மீண்டும் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும்.

விளக்குகள் அணைந்து எரிவதைப் பார்த்துப் பதற்றப்பட்டு மின்இணைப்பைப் பிடுங்காதீர்கள். ஐந்து நிமிடம் முழுதாகக் காத்திருங்கள்.

ஏற்கெனவே ஓப்பன்வர்ட் இருந்தால், லூசி என்னும் அதன் வலைப்பக்கத்தில் இதைச் செய்யலாம். என் விருப்பம் கட்டளைவரிதான். கருவி சொல்லும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் அங்கே அப்படியே படிக்கலாம். கோப்பைக் கருவியின் டிஎம்பி கோப்புறைக்கு எஸ்சிபி என்னும் கோப்பு நகலெடுக்கும் கட்டளை மூலம் அனுப்பி, சிஸ்அப்கிரேடு கட்டளையைக் கொடுத்தால் போதும். கணினியில் எஸ்சிபியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், எஸ்சிபி கட்டளையோடு ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அது எஸ்எஃப்டிபி என்ற வேறு முறையில் பேச முயன்று தோற்கும். வின்எஸ்சிபி பயன்படுத்துபவர்களும் எஸ்சிபி முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் தவறியது இந்த இடத்தில்தான். ஐந்து கருவிகளைப் புதுப்பித்துவிட்டு ஆறாவதற்கு வந்தபோது, இந்தக் கோப்பு இந்தக் கருவிக்கு உரியதல்ல என்று லூசி தெளிவாகவே எச்சரித்தது. மற்ற ஐந்தும் பதிப்பு 5. பிறகு தனியாக வாங்கிய இது பதிப்பு 4. ஒட்டுவில்லையைப் பார்க்காமல், ‘கட்டாயமாக எழுது’ என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன். அதன்பின் பவர் விளக்கைத் தவிர எதுவும் சீராக எரியவில்லை. அந்தக் கட்டத்தை நீங்கள் ஒருபோதும் தொடாதீர்கள். கருவி மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மீட்பு

பெரும்பாலான கருவிகளில் ஃபர்ம்வேர் அழிந்தாலும் கருவியைத் துவக்கும் சிறிய நிரலான பூட்லோடர் தனியாகப் பிழைத்திருக்கும். சி7 கருவியில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தைக் கொடுத்து, டபிள்யூபிஎஸ் விளக்கு எரியும்வரை பொத்தானை விடாமல் இருந்தால், பூட்லோடர் 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் கணினியிடம் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் ஒரு கோப்பைக் கேட்கும். எனவே கணினிக்கு 192.168.0.66 என்ற நிலையான முகவரியையும் 255.255.255.0 என்ற சப்நெட் மறைப்பையும் கொடுத்து, டிஎஃப்டிபி சேவையகம் ஒன்றை அதில் இயக்க வேண்டும். விண்டோஸில் டிஎஃப்டிபிடி64 என்ற சிறிய நிரலைவிட எளியது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஃபேக்டரி கோப்பின் பெயரை, மாதிரிப் பெயர், பதிப்பு எண், அடிக்கோடு, டிபி, அடிக்கோடு, ரெகவரி என்ற அமைப்பில் மாற்ற வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட, கருவியின் விளக்கப் பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

இவ்வளவையும் முதல் இரவே செய்துவிட்டேன். கருவி எதையும் கேட்கவில்லை. விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறதோ என்று அதை அணைத்துப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், கோப்பின் பெயரைப் பத்து முறை சரிபார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு மாமா மேசைக்கு அருகில் வந்து, “என்னய்யா மருமகனே, தேறுமா தேறாதா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் இரவு, கணினியின் ஈதர்நெட் துளையில் இருக்கும் சிறிய பச்சை விளக்கைக் கவனித்தபோதுதான் விடை கிடைத்தது. கருவியை அணைத்ததும் அந்த விளக்கும் அணைந்து, மின்சாரம் கொடுத்துச் சில விநாடிகள் கழித்தே மீண்டும் எரிந்தது. கருவி அணைந்திருக்கும்போது கேபிளின் மறுமுனை செத்திருக்கிறது. கருவி உயிர்பெற்றதும் இருபுறமும் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளச் சில விநாடிகள் ஆகின்றன. அதன்பின் விண்டோஸ் தன் முகவரியை மீண்டும் நடைமுறைப்படுத்த இன்னும் சற்று நேரம் எடுக்கிறது. பூட்லோடரோ அந்தச் சில விநாடிகளுக்குள் கேட்டுவிட்டு, பதில் வராததால் வழக்கம்போல் ஃபர்ம்வேரைத் தேடப் போய்விடுகிறது.

தீர்வு ஒரு சாதாரண ஐந்து துளை சுவிட்ச். கணினியை சுவிட்சிலும், சுவிட்சைக் கருவியிலும் இணைத்தால், கருவி அணைந்தாலும் எரிந்தாலும் கணினியின் இணைப்பு அறுபடாது. அப்படி இணைத்து, பொத்தானை அழுத்தி மின்சாரம் கொடுத்த உடனே, டிஎஃப்டிபிடி64இன் பதிவுச் சாளரத்தில் ஒரு வரி தோன்றியது. அதன்கீழ் நீலப்பட்டை நகரத் தொடங்கியது. அந்தப் பட்டை முடிவுக்கு வரும்வரை நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு செய்திக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: மீட்பு வேலைக்கு உட்காரும் முன் ஒரு சுவிட்சைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சாளரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கோப்பின் பெயர் தவறாக இருந்தால், கருவி எந்தப் பெயரைக் கேட்டது என்பதை அந்த வரியே காட்டிவிடும். அதைப் பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

கூரையில் மாட்டும் வட்ட வடிவ யூனிஃபை ஏசி லைட் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை தலைகீழாக இருக்கும். அது கேட்காது, காத்திருக்கும். ரீசெட்டை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, விளக்கு நிறம் மாறி மாறி மின்னியதும் விட்டுவிட்டால், அது 192.168.1.20 என்ற முகவரியில் காத்திருக்கும்; நாம்தான் டிஎஃப்டிபி மூலம், பைனரி முறையில், நிறுவனத்தின் ஃபர்ம்வேரை அதற்கு அனுப்ப வேண்டும். கணினியின் முகவரி அதே 192.168.1 வரிசையில் இருக்க வேண்டும்.

டிஎஃப்டிபியும் பதில் சொல்லவில்லை என்றால், பெட்டியைத் திறந்து, உள்ளே பலகையில் இருக்கும் சீரியல் முனைகளில் கணினியை இணைப்பதே மிச்சமிருக்கும் வழி. 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர், வேகம் 115200, மின்சார முனையை மட்டும் இணைக்கக் கூடாது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

முதல் துவக்கத்துக்குப் பிறகு

ஓப்பன்வர்ட் முதலில் துவங்கும்போது வைஃபை அணைந்தே இருக்கும். வைஃபை பெயர் தெரியவில்லையே, கருவி கெட்டுவிட்டதே என்று கலங்க வேண்டாம். கணினியின் முகவரியைத் தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டு, 192.168.1.1 என்ற முகவரியை உலாவியில் திறந்து, ரூட் என்ற பயனராக, கடவுச்சொல் இல்லாமல் நுழைந்து, முதல் வேலையாகக் கடவுச்சொல்லை வையுங்கள். பிறகு வைஃபை அமைப்பில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். ஓரளவு அதிகச் சக்தி கிடைக்கும் என்று வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு; அது சட்டத்துக்கும் அக்கம்பக்கத்தவருக்கும் செய்யும் தீங்கு.

ஆக்சஸ் பாயின்ட்டாக மட்டும் பயன்படுத்துவதால், லேன் பகுதியில், முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சேவையை நிறுத்திவிட்டு, முதன்மை ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை வெளியிணைப்புக்கான வேன் துளையில் அல்லாமல் லேன் துளையில் செருகுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தோடு, பக்கத்துப் பக்கத்துக் கருவிகளுக்கு 1, 6, 11 ஆகிய சேனல்களை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை 1: 19.07இலிருந்து 21.02க்குத் தாவியபோது, அமைப்புகளைக் கொண்டுபோக முடியாது என்ற செய்தி வந்ததாகத் திருமங்கலத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது எம்டி7621 சில்லு உள்ள கருவி, 21.02இல் அவற்றின் உள் சுவிட்சை அமைக்கும் விதம் டிஎஸ்ஏ என்ற புதிய முறைக்கு மாறியது. அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றைத் தக்கவைக்காமல் எழுதுவதே சரி. நிறுவிய கூடுதல் தொகுப்புகள், இப்படிக் கோப்பை எழுதிப் புதுப்பிக்கும்போது அழிந்துவிடும். அவற்றின் பட்டியலையும் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: உசிலம்பட்டியிலிருந்து ஒருவர், எல்லாம் முடித்து ஆக்சஸ் பாயின்ட்டை இணைத்ததும் வீட்டில் இணையமே நின்றுவிட்டது என்றார். அவருடைய ஃபைபர் மோடத்தின் முகவரியும் 192.168.1.1. ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் நின்றால் இப்படித்தான் ஆகும். மோடத்தோடு இணைக்கும் முன்பே, ஆக்சஸ் பாயின்ட்டின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமித்து, அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கருவியின் அடிப்பக்கத்தில், ஒட்டுவில்லையை மறைக்காமல், ஒட்டிவிடுங்கள்.