குளிர்காலப் பாட்டா? எண்ணைப் போட்டுத் தேடுங்கள்

இங்கிலாந்தின் குளிர்கால நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்க ஆசையா? பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி கிடைக்காது. ஒரே பாட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். நூலகர் ஸ்டீவ் ரவுட் தொகுத்த நாட்டுப்புறப் பாடல் அட்டவணையில், பெயர் எதுவானாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே எண்தான். லண்டனில் உள்ள நாட்டுப்புற இசை நூலகமான வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் அந்த அட்டவணையை இலவசமாகவே பார்க்கலாம். வீடு வீடாகப் போய் வாழ்த்துப் பாடும் 'வாசெயில்' பாடல்களுக்கு 209 என்று போட்டுப் பாருங்கள், எத்தனை ஊர் வடிவங்கள்! அதில் வரும் பாடகர் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டு, அப்புறம் ஒலிப்பதிவைத் தேடுங்கள்.

மெருகேற்றிய ஸ்டுடியோ பதிவைவிட, வாத்தியமே இல்லாமல் ஒருவர் தனியாகப் பாடுவதை அவர் இடத்துக்கே போய்ப் பதிவுசெய்த களப்பதிவைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். ஹெட்ஃபோனில் கேளுங்கள், வரிக்கு வரி அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.